கழற்றி வைத்த பேட்டரிக்கும் கவனிப்பு வேண்டும்: வாகனம் குறித்த வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைப் பற்றியவை. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகும் வண்டியின் பேட்டரியை என்ன செய்வது என்பதே அந்த விஷயம். முதல் கடிதம் ஜெர்மனியில் நிற்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியது, மற்ற மூன்றும் நம் பக்கத்து வண்டிகளைப் பற்றியவை. ஒன்றின் விடை மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் மூனிக் நகரில் வேலை செய்கிறான். இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றைத் தன் சேமிப்பில் வாங்கியிருக்கிறான். நவம்பர் முதல் மார்ச் வரை அதை ஓட்டுவதில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடியில் நிறுத்திவைக்கப் போவதாகச் சொல்கிறான். டிசம்பரும் ஜனவரியும் எங்களோடு ஊரில் இருப்பான். பேட்டரியைக் கழற்றத்தான் வேண்டுமா? ஒயரை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா? அதனால் வண்டிக்கு வேறு கெடுதல் ஏதும் வருமா? - ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு.

பதில்: ஐயா, தங்கள் மகன் எடுத்திருக்கும் முடிவு சரியானதே. ஆனால் பேட்டரியைக் கழற்றுவது பாதி வேலைதான். கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவையும், கழற்றிய பேட்டரியைப் பார்த்துக்கொள்வதும் மீதிப் பாதி. பலரும் தவறுவது அந்தப் பாதியில்தான்.

முதலில் ஒரு விளக்கம். ஐந்து மாதம் ஒரு வண்டியை ஏன் முடக்க வேண்டும் என்று இங்கிருப்பவர்களுக்குத் தோன்றும். ஜெர்மனியில் பருவகால எண் பலகை என்று ஒன்று உண்டு. 1997 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தப் பலகையின் வலது ஓரத்தில் 04, 10 என்பது போல இரண்டு எண்கள் மேலும் கீழுமாக இருக்கும். அந்த வண்டி ஏப்ரல் தொடங்கி அக்டோபர் முடியத்தான் சாலையில் செல்லலாம் என்பது அதன் பொருள். வரியும் காப்பீடும் அந்த மாதங்களுக்கு மட்டும் கணக்கிடப்படும், மற்ற மாதங்களில் பொதுச் சாலையோரத்தில் நிறுத்திவைக்கவும் கூடாது. பனி உறையாமல் இருக்கச் சாலையில் தூவும் உப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரித்துவிடும் என்பதும், கோடைக்கான ஸ்போர்ட்ஸ் டயர்கள் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும் என்பதும் கூடுதல் காரணங்கள்.

இனி பேட்டரிக்கு வருகிறேன். சாவியை எடுத்துப் பூட்டிவிட்டாலும் இக்கால வண்டி முழுதாகத் தூங்குவதில்லை. திருட்டு எச்சரிக்கை அமைப்பு, ரிமோட் பூட்டு, கடிகாரம், கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் நினைவகம் ஆகியவை சேர்ந்து பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொண்டே இருக்கும். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி செலவாகும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் பாதியாகிவிடும், இரண்டு மாதத்தில் காலியாகிவிடும், ஆனால் வண்டியோ ஐந்து மாதம் நிற்கப்போகிறது.

ஒயரை மட்டும் எடுத்தால் இந்தச் செலவு நின்றுவிடும், அந்த அளவில் தங்கள் கேள்வி நியாயமானதே. ஆயினும் மூனிக் போன்ற ஊரில் குளிர் என்ற இன்னொரு பகைவன் இருக்கிறது. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போவதால், முழுதாக இறங்கிய பேட்டரி மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். உறைந்தால் தகடுகள் வளையும், பெட்டி வெடிப்பு விடும், அதன் பிறகு அது பழைய இரும்புக் கடைக்குத்தான். நிலத்தடி என்பதால் வெளிக்குளிர் அப்படியே உள்ளே வராது என்றாலும், சார்ஜ் உள்ள பேட்டரியை உறையாத அறையில் வைப்பதே கவலையற்ற வழி. வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இருந்தால், பேட்டரியைக் கழற்றாமலே, தானே நின்று தானே தொடங்கும் தானியங்கிச் சார்ஜரை மாட்டிவிட்டு வருவது எல்லாவற்றிலும் மேலானது என்பது என் கருத்து. அடுக்குமாடி நிலத்தடியில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு உரியதே கழற்றி வைக்கும் முறை.

தங்கள் மகன் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு, ஐயா. பாக்ஸ்டரில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. பேட்டரியோ முன்பக்கச் சாமான் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியின் மூடி சில மாடல்களில் கம்பி இழுத்துத் திறக்கும், சில மாடல்களில் மின்சாரத்தால்தான் திறக்கும். மின்சாரத்தால் திறக்கும் மூடியைப் பேட்டரி எடுத்தபின் அழுத்திச் சாத்திவிட்டால், மார்ச் மாதக் கடைசியில் கையில் பேட்டரியுடன் மூடிய பெட்டியின் முன் நிற்க நேரிடும். இதற்காகவே அந்த நிறுவனத்தின் பல மாடல்களில் கால் வைக்கும் இடத்து ஃபியூஸ் பெட்டியில், வெளியே இழுக்கக்கூடிய சிவப்பு முனை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதில் வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் மூடி திறக்கும். அந்த வசதி தன் வண்டியில் எங்கே இருக்கிறது என்பதை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதைவிட எளிய வழி, மூடியைத் தாழ் விழாதபடி மெதுவாக இறக்கி, இடையில் ஒரு மடித்த துணியை வைத்துவிடுவது.

கதவுக் கண்ணாடியிலும் இதே கவனம் வேண்டும். அந்த வண்டியின் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கைப்பிடியைத் தூக்கியதும் கண்ணாடி ஒரு விரற்கடை அளவு தானாக இறங்கி, கூரையின் ரப்பர் விளிம்பிலிருந்து விடுபட்ட பிறகே கதவு திறக்கும். மின்சாரம் இல்லாதபோது கண்ணாடி இறங்காது, இழுத்துத் திறந்தால் ரப்பர் கிழியும். ஆகவே பேட்டரியை எடுக்கும் முன் இரண்டு கண்ணாடிகளையும் சற்று இறக்கி வைத்துவிட வேண்டும். கியரில் விட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வைக்க வேண்டும். மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருந்தால் பிரேக் துருவேறி ஒட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் பல, மின்சாரம் இல்லாவிட்டால் நிறுத்தக் கியரிலிருந்து வெளியே வராது என்பதால், வண்டியைச் சரியான இடத்தில் நிறுத்திய பிறகுதான் கழற்றும் வேலையைத் தொடங்க வேண்டும்.

கழற்றும்போது சாவியை எடுத்து, எச்சரிக்கை அமைப்பை நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருந்து, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்ற வரிசையில் எடுக்க வேண்டும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசையை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். தொழில் பழகிய நாளில், தருமபுரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், அவசரத்தில் பாசிட்டிவ் நட்டில் முதலில் ஸ்பேனரை வைத்தேன். அதன் மறுமுனை பக்கத்துத் தகரத்தில் பட்டது. வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவ் அல்லவா? வெள்ளை வெளிச்சம் ஒன்று வெடித்தது. ஸ்பேனரின் விளிம்பில் அரிசி அளவு பள்ளம் விழுந்தது, என் மோதிர விரலைச் சுற்றித் தோல் வெந்துபோனது. அன்றிலிருந்து பேட்டரியைத் தொடும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன், தங்கள் மகனும் அப்படியே செய்யட்டும். சாமான் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து வாயு வெளியேற ஒரு மெல்லிய குழாய் செருகியிருக்கும். அதைக் கழற்றியதை மறக்காமல், வசந்த காலத்தில் மீண்டும் செருக வேண்டும்.

கழற்றிய பேட்டரியைத் துடைத்து, முழுச் சார்ஜ் ஏற்றி, குளிர்ச்சியான, உலர்ந்த, காற்றோட்டமுள்ள அறையில், குழந்தைகள் கைக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு ஊருக்கு வரட்டும். குளிர்ந்த அறையில் இரண்டு மாதத்தில் இறங்கும் சார்ஜ் சிறிதளவுதான். பிப்ரவரியில் திரும்பிப் போனதும் மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், அன்றே சார்ஜரில் போட வேண்டும். பேட்டரியின் மேல் ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த, மூடிய வகை) என்று அச்சிட்டிருந்தால், சார்ஜரிலும் அதற்குரிய நிலையைத் தேர்ந்தெடுப்பது அவசியம்.

ரேடியேட்டரில் இருப்பது வெறும் தண்ணீரா, கூலன்ட் கலவையா என்பதையும் கேளுங்கள். நம் ஊரில் தண்ணீரை மட்டும் ஊற்றிப் பல வண்டிகள் ஓடுகின்றன. அங்கே தண்ணீர் உறைந்தால் எஞ்சினே பிளந்துவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால், மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். டயரில் காற்றைச் சில புள்ளிகள் கூட்டி வைப்பதும், எஞ்சின் ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டு நிறுத்துவதும் நல்லது.

கேள்வி: மாங்காய் சீசனுக்கு மட்டும் ஓட்டும் பிக்-அப் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஆடி முடிந்ததும் பேட்டரியைக் கழற்றித் தகரக் கொட்டகையில் வைத்துவிடுவேன். பங்குனியில் மாட்டினால் செல்ஃப் எடுப்பதில்லை. மூன்று வருடத்தில் இது மூன்றாவது பேட்டரி. சிமென்ட் தரை சார்ஜை உறிஞ்சிவிடும் என்று என் அப்பா சொல்கிறார். கழற்றித்தானே வைக்கிறேன், பிறகு ஏன் கெடுகிறது? - மாங்காய் வியாபாரி, காவேரிப்பட்டணம்.

பதில்: தரையின் மேல் பழியில்லை. தங்கள் அப்பா சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அன்றைய பேட்டரிப் பெட்டிகள் மரத்தாலும் கடின ரப்பராலும் ஆனவை. ஈரத் தரையில் வைத்தால் அவற்றின் வழியே மின்சாரம் கசிய வாய்ப்பிருந்தது. இன்றைய பாலிபுரொப்பிலீன் பெட்டியில் மின்சாரம் கசியாது. பலகை போட்டு வைப்பது வழக்கமாக இருந்தால் அப்படியே வையுங்கள், அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

பேட்டரி கெடுவது வேறு காரணத்தால். ஈய-அமில பேட்டரி எதனோடும் இணைக்கப்படாமல் சும்மா இருந்தாலும், உள்ளே நடக்கும் வேதிவினையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே இறங்கும். நல்ல பேட்டரியே மிதமான வெப்பத்தில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் வரை இறங்கும், வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தகரக் கொட்டகைக்குள் மதிய வெயிலில் நின்று பாருங்கள், எட்டு மாதத்தில் அந்தச் சூடு என்ன செய்யும் என்பது புரியும். மூனிக்கில் இருக்கும் பேட்டரிக்குக் குளிர் பகை என்று மேலே எழுதினேன், ஆனால் சார்ஜ் உள்ள பேட்டரிக்குக் குளிர்ச்சியான அறை நண்பன். நம் பக்கத்துப் பேட்டரிக்குத்தான் அந்த நண்பன் கிடைப்பதில்லை.

இறங்கியதோடு நின்றுவிட்டால், மீண்டும் சார்ஜ் ஏற்றிச் சரிசெய்துவிடலாம். பேட்டரி இறங்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து தன் பழைய நிலைக்குத் திரும்பும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால், மென்மையாக இருந்த படிவு கெட்டியான படிகங்களாக இறுகிவிடும், பிறகு எந்தச் சார்ஜருக்கும் அது எளிதில் கரையாது. சீசனின் கடைசி வாரத்தில் மண்டிக்கும் தோட்டத்துக்கும் இடையே சின்னச் சின்னத் தூரமாக ஓட்டி, பாதிச் சார்ஜில் இருக்கும் பேட்டரியைக் கழற்றி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது கொட்டகைக்குள் நுழையும்போதே நோயோடுதான் நுழைகிறது.

இந்த ஆடியில் இப்படிச் செய்யுங்கள். கழற்றியதும் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையும் பச்சையும் கலந்த பொடியை, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பழைய பல்துலக்கும் பிரஷை நனைத்துத் தேயுங்கள். நுரைத்து எழும், எழட்டும். அந்தத் தண்ணீர் மூடித் துளை வழியே உள்ளே போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் மெல்லியதாக வாஸலின் தடவுங்கள். மூடியைத் திறந்து, தகடுகளுக்கு மேல் நீர் மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, சார்ஜ் ஏறியபின் குறியிட்ட மட்டம் வரை நிரப்புங்கள். ஒகேனக்கல் தண்ணீரானாலும் சரி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரானாலும் சரி, பேட்டரிக்குள் போகக் கூடாது. குடிக்க நல்ல தண்ணீரிலும் உப்புகள் உண்டு, அவை தகடுகளைக் கெடுக்கும். அமிலமும் ஊற்ற வேண்டாம், ஆவியாவது தண்ணீர் மட்டுமே.

பிறகு பேட்டரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 60 ஆம்பியர்-மணிக்கு 6 ஆம்பியரில், முழுமையாகச் சார்ஜ் ஏற்றுங்கள். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடியது என்பதால், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், பீடி சிகரெட்டோடு யாரும் அருகில் வர வேண்டாம். ஓரிரவு ஆறவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். அதன்பின் கொட்டகையில் அல்லாமல், வீட்டுக்குள் வெயில் படாத, காற்றோட்டமான மூலையில் வைத்து, மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. முக்காலுக்குக் கீழே போகவே விடாதீர்கள். முதல் தேதியில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மூன்று பேட்டரிக்குக் கொடுத்த பணத்தில் நல்ல தானியங்கிச் சார்ஜரும் மல்டிமீட்டரும் வாங்கியிருக்கலாம் என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டில் நிற்கும் காரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. இது போதுமா? - வாசகி, அரூர்.

பதில்: சகோதரி, தங்கள் அக்கறை பாராட்டத்தக்கது, ஆனால் இந்த முறையால் பயனைவிடக் கெடுதலே கூடுதல். செல்ஃப் எடுக்கும் சில விநாடிகளில் நூறு ஆம்பியருக்கும் மேல் செலவாகிறது. அதன்பின் வாரம் முழுவதும் கடிகாரமும் பூட்டும் எடுத்துக்கொள்வது வேறு. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சின் பத்து நிமிடத்தில் இவை எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடும் என்று சொல்ல முடியாது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன் நிறுத்திவிட்டால் அந்த ஈரம் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கித் துருவுக்கு வழி செய்யும். ஓட்டத் தெரிந்த நம்பிக்கையானவர் ஒருவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரூரிலிருந்து தருமபுரி சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டி வந்தால் மிக நல்லது.

அப்படி யாரும் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்வதையே விட்டுவிடுங்கள். பக்கத்து மெக்கானிக்கை அழைத்து நெகட்டிவ் ஒயரை மட்டும் எடுத்து, துணி சுற்றி ஒதுக்கிக் கட்டச் சொல்லுங்கள். நம் ஊர்க் குளிருக்கு பேட்டரி உறையாது, ஆகவே வெளியே தூக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் போதும். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடும் வழக்கம் இருந்தால், அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே கொன்றுவிடும்.

நிற்கும் வண்டிக்கு எலித்தொல்லையும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே இரண்டு கைப்பிடி நிலக்கடலைத் தோலும், பஞ்சுபோலக் கடித்துக் குவித்த ஃபில்டர் காகிதமும், நடுவில் கண் திறக்காத நான்கு குட்டிகளும் இருந்தன. அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே கடலை மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். தானியத்தை வண்டியருகில் வைக்காதீர்கள், பானெட்டை வாரம் ஒருமுறை திறந்து வெளிச்சம் படச் செய்யுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து ஈரம் தங்கும், காற்றுப் புகும் துணி உறையே நல்லது.

கேள்வி: மூன்று மாதம் கழித்து பேட்டரியை மாட்டினேன். கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் கண்ணாடி ஒரே தட்டலில் முழுதாக ஏறுவதில்லை, மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. கழற்றியதால் ஏதேனும் கெட்டுவிட்டதா? - தொழிற்சாலை ஊழியர், ஓசூர்.

பதில்: பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது, வண்டி சிலவற்றை மறந்துவிட்டது, அவ்வளவே. கண்ணாடியை முழுதாக இறக்கி, முழுதாக ஏற்றி, பொத்தானைச் சில விநாடிகள் விடாமல் பிடித்திருங்கள். பல வண்டிகளில் அத்துடன் பழைய பழக்கம் திரும்பிவிடும். மஞ்சள் விளக்கு சறுக்கல் தடுப்பு அமைப்புடையது என்றால், எஞ்சின் ஓடும்போது ஸ்டீயரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை ஒருமுறை திருப்பி நேராக்கிவிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். ரேடியோ எண் கேட்டால், அது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். முதல் சில கிலோமீட்டருக்கு நிறுத்தத்தில் எஞ்சின் சற்றுத் தடுமாறினாலும் பொறுத்திருங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டியும் விளக்கு அணையாவிட்டால், ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். அங்கே போகும் முன், டெர்மினல் இரண்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். சிறிதளவு சுழன்றாலும் நட்டு இறுகவில்லை என்று பொருள், விளக்கு எரிய அதுவே காரணமாக இருக்கக்கூடும்.